உடைவதற்கென்று ஓர் இடம்

சாலை உடைந்ததற்காக நன்றி சொல்கிற குடும்பம் கம்பம் பள்ளத்தாக்கில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது கரட்டுப்பட்டிப் பெரியவீடு. அதற்கு முன் நாற்பது ஆண்டுகளாக, சாலை போட்டுக் கொடுத்ததற்காக ஊர்தான் அந்த வீட்டுக்கு நன்றி சொல்லி வந்தது. நன்றியை வாங்கிப் பழகிய வீடு அது; கொடுத்துப் பழகவில்லை. கொடுக்கக் கற்றுக்கொண்டது எழுபத்தேழாம் ஆண்டு ஐப்பசி மழையில்.

சின்னமனூரிலிருந்து மேகமலை அடிவாரத்தை நோக்கிப் பிரியும் கிளைச்சாலை ஒன்றின் கடைசியில் இருக்கிறது கரட்டுப்பட்டி. ஊருக்குள் நுழைவதற்கு இரண்டு பர்லாங் முன்னால் கரட்டோடை குறுக்கிடும். மழையில்லாத மாதங்களில் ஆட்டுக்குட்டி கூடக் குளம்பு நனையாமல் கடந்துவிடும். மலையில் மழை பிடித்துவிட்டால் யானையையும் புரட்டிப் போடும். அந்த ஓடைக்கு நான்கு கண் வைத்துக் கல்பாலம் கட்டியவர் கர்ணனின் தந்தை சீனிச்சாமி. சாலைக்கு நிலம் கொடுத்தவரும் அவரே. நடுத்தூணில், மலையைப் பார்த்த முகத்தில், மேலே அவர் பெயரும் கீழே ஆண்டும் வெட்டிய கல் பதித்திருந்தது. ஓடையில் குளிக்கிற பிள்ளைகள் அந்தக் கல்லைப் பார்த்துத்தான் எழுத்துக்கூட்டப் பழகினார்கள்.

கர்ணனுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. பஸ்ஸில் ஏறினாலும் முதுகைச் சாய்க்காமல் உட்காரும் மனிதர். தந்தை விட்டுப்போன நிலத்தைப் பெருக்காவிட்டாலும் குறைக்கவில்லை. பெயரை அப்படியே வைத்திருந்தார். பாலத்தின் ஒரு கல் பெயர்ந்தாலும் யூனியன் ஆபீஸைக் கேட்காமல் தன் ஆளை விட்டுப் பூசிவிடுவார். வீட்டுச் சுவரில் விரிசல் விட்டால்கூட அவ்வளவு அவசரம் காட்ட மாட்டார்.

பாலத்தைத் தாண்டி ஊர்ப்பக்கம் சாலை ஓர் ஆள் உயர மேட்டின் மேல் போகும். இடது கையில், மலைப்பக்கம், பள்ளத்தில் கீழத்தெரு. வலது கையில் கர்ணனின் வாழைத்தோட்டம். அந்த மேட்டுச்சாலையில் அறுபதடி நீளத்துக்கு மட்டும் ஒரு முழம் தாழ்ந்து கிடந்தது. அங்கே தாரும் கிடையாது, கல்லும் கிடையாது. செம்மண்ணும் ஓடை மணலும்தான். எழுபத்தொன்றில் வந்த ஒரு வெள்ளத்துக்குப் பிறகு சாலை மேஸ்திரி சின்னக்கருப்பு அப்படி விட்டுவைத்திருந்தார். பஸ் அந்த இடத்தில் இறங்கி ஏறும்போது பின்சீட்டுக்காரர்கள் ஒருமுறை எழுந்து உட்காருவார்கள். ஊர் அதற்குப் பழகிவிட்டது. கர்ணனும் பழகித்தான் இருந்தார், தன் மகள் கருத்தம்மாளின் கல்யாணம் வரைக்கும்.

எழுபத்தாறு ஆவணியில் அந்தக் கல்யாணம். கம்பத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் இரண்டு அம்பாசடர் காரில் வந்தார்கள். முதல் கார் அந்தத் தாழ்வில் இறங்கியதும் அடிவயிறு தரையில் உரசி, சைலன்சர் கழன்று விழுந்து, ஊரே திரும்பிப் பார்க்கிற சத்தத்தோடு பந்தல் வாசலுக்கு வந்து நின்றது. மாப்பிள்ளையின் தகப்பனார் அழகுமலை இறங்கினார். கர்ணனுக்கு மச்சான் முறை. மச்சான் முறை என்றால் வாய்க்குப் பூட்டு கிடையாது. கேட்கிறவன் கோபிக்கவும் கூடாது. எங்கள் பக்கத்து வழக்கம் அது.

"என்ன மச்சான், பெரியவீட்டு வாசலை மிதிக்கிறவக குனிஞ்சுதான் வரணும்னு ரோட்டையே வெட்டிப் பள்ளமாக்கி வச்சிருக்கீகளா?" என்றார் அழகுமலை, பந்தல் முழுக்கக் கேட்கும்படி.

பந்தல் சிரித்தது. கர்ணனும் முறைக்குச் சிரித்தார். பந்தியில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. தந்தை போட்ட சாலையில், தன் மகள் கல்யாணத்தில், ஒரு சிரிப்பு. வேறு எவர் வீட்டுக்கும் அது சிரிப்போடு போயிருக்கும். பெரியவீட்டில் அது மனுவாக மாறியது.

மறுவாரமே யூனியன் ஆபீஸுக்கு எழுதினார். தாழ்ந்த அறுபதடியை மற்றச் சாலையோடு சமமாக உயர்த்தி, அடியில் பெரிய கல் பாவி, மேலே தார் போட வேண்டும் என்று. அடிக்கல்லுக்கு ஆகும் செலவைத் தானே ஏற்பதாகவும் எழுதினார். பெரியவீட்டு மனு மூன்று மாதத்தில் உத்தரவாகிவிட்டது.

உத்தரவு கைக்கு வந்த அன்று சின்னக்கருப்பு வாழைத்தோட்டத்து மோட்டார் ரூமுக்கு வந்தார். ஐம்பதை ஒட்டிய ஆள். தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமிக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்.

"அய்யா, அந்த இடம் பள்ளமா இருக்கது என் கைப்பிசகு இல்ல. வேணும்னுதான் விட்டு வச்சேன்."

"வேணும்னா? எங்க வீட்டுக்கு வாரவுக இடுப்பு ஒடியணும்னா?"

"தண்ணி போகணும்னு, அய்யா. மலையில இருந்து வர்ற தண்ணி பாலத்துல அடைச்சிருச்சுன்னா எங்கயாச்சும் உடைக்கத்தான் செய்யும். இங்கன உடைன்னு நாம ஒரு இடத்தைக் காமிச்சு வச்சா அங்கன உடைக்கும். காமிக்கலைன்னா அதுக்குப் பிடிச்ச இடத்துல உடைக்கும். மண்ணாலயே போட்ட இடம்னா ரெண்டு நாள்ல அடைச்சிரலாம். பாலம் போச்சுன்னா ரெண்டு வருசம் ஆகும்."

"எங்கப்பா நாலு கண்ணு வச்சுக் கட்டியிருக்காக. நாப்பது வருசமா அதுல போகாத தண்ணியா இனிமே வரப்போகுது?"

சின்னக்கருப்பு செருமினார். "அப்ப வந்த தண்ணி நடந்து வந்துச்சு, அய்யா. மேல காட்டை வெட்டி ஏலமும் தேயிலையும் வச்சபெறகு ஓடி வருது. வரும்போது வெட்டிப் போட்ட மரத்தையும் தூக்கிட்டு வருது. மரம் கண்ணுக்குள்ள நொழையாது."

"அப்ப எங்கப்பா கட்டின பாலம் பத்தாதுங்கற."

சின்னக்கருப்பு இடுப்புத் துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார். அதையே கர்ணன் பதிலாக எடுத்துக்கொண்டார்.

"மேஸ்திரி, உனக்கு உத்தரவு வந்திருக்குல்ல. செய்."

செய்தார்கள். கரட்டுக் குவாரியிலிருந்து பதினாறு வண்டி அடிக்கல் வந்து இறங்கியதைக் கர்ணன் நேரில் நின்று பார்த்தார். நீலம் பாய்ந்த கல். பாலத்தில் அவர் தந்தை வைத்ததோ வெள்ளைக்கல். பிறகு மேகமலைப் பக்கம் ஒரு துக்கத்துக்குப் போய், பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அங்கே தங்கிவிட்டார். திரும்பும்போது தார் போட்டு உருளை ஓட்டியாகிவிட்டது. பஸ் அந்த இடத்தில் வழுக்கிக்கொண்டு போனது. தைப்பொங்கல் வரிசையோடு வந்த அழகுமலை காரை விட்டு இறங்கியதும், "இப்பத்தான் ரோடு மச்சான் முதுகு மாதிரி நிமிந்து நிக்குது" என்றார். கர்ணன் அன்று இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

மறு ஐப்பசியில் மூன்று நாள் சாரல். நான்காம் நாள் காலை சாரல் நின்றது. மலை மட்டும் தெரியவில்லை. மேகமலை இருக்க வேண்டிய இடத்தில் கன்னங்கரேலென்று ஒரு சுவர் நின்றது. பத்து மணிக்கு ஓடையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நெல் மிஷின் ஓடுவதுபோல் இருந்தது என்று ஊரில் இன்றும் சொல்வார்கள்.

கர்ணன் குடையை எடுத்துக்கொண்டு சாலைக்குப் போய், உயர்த்திப் போட்ட அறுபதடியின் மேல் நின்றார். ஓடை செம்மண் நிறத்தில் பாலத்தின் கழுத்தைப் பிடித்திருந்தது. வேரோடு வந்த பலாமரம் ஒன்று நடுக்கண் இரண்டையும் மறித்துக் குறுக்கே விழுந்திருந்தது. அதன் மேல் சில்வர்ஓக் கட்டைகள், எஸ்டேட் கொட்டகையின் தகரம், யார் வீட்டுக் கதவோ ஒன்று. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மற்ற இரண்டு கண்களும் அடைத்துக்கொண்டன. போக வழியில்லாத தண்ணீர் பின்னுக்கு ஏறியது. கீழத்தெருவில் பெண்கள் கைப்பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆடுகளை இழுத்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் பள்ளிக்கூடத்து மேட்டைப் பார்த்து ஏறினார்கள். பஸ் டிரைவர் மத்தியான டிரிப்பை முன்னாலேயே எடுத்துவிட்டார். கீழத்தெருக்காரர்களில் பாதிப்பேர் அதில் ஏறியிருந்தார்கள், சின்னமனூருக்குப் போய்விட்டால் போதும் என்று.

கர்ணன் நடுத்தூணைப் பார்த்தார். கல்லில் ஆண்டு முழுகிவிட்டது. தந்தையின் பெயர் மட்டும் தண்ணீருக்கு மேல் இருந்தது. பிறகு அதிலும் பாதி.

அப்போது சாலையில் ஒரு கூச்சல். அந்த அறுபதடிக்கு இந்தப் பக்கம், ஊரை ஒட்டி, சின்னக்கருப்பு சிவப்புத் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நின்றார். பஸ் அவர் நெஞ்சுக்கு ஒரு கஜம் முன்னால் வந்து நின்றது. அந்தப் பக்கம் அவர் கூட்டாளி பால்பாண்டி, பாலத்தில் வேடிக்கை பார்த்தவர்களைச் சின்னமனூர்க் கரைக்கு விரட்டிக்கொண்டிருந்தார்.

"யோவ் மேஸ்திரி, தள்ளு. பாலம் இன்னும் நிக்குது. போயிருவேன்" என்று டிரைவர் கத்தினார்.

"போக மாட்ட. நில்லு."

"ரோடு நல்லாத்தானேய்யா இருக்கு."

கர்ணனுக்கும் பொறுக்கவில்லை. "மேஸ்திரி, உனக்கென்ன கிறுக்கா? பொம்பளை பிள்ளைக இருக்காக. வண்டியை விடு. நான் போட்ட ரோடு அது."

சின்னக்கருப்பு அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அய்யா, நீங்களும் இங்கிட்டு வந்துருங்க" என்றார். அவ்வளவுதான்.

கர்ணன் வந்தார். ஏன் வந்தார் என்று பின்னால் பலமுறை யோசித்திருக்கிறார். அந்தக் குரலில் மரியாதை குறையவில்லை. ஆனால் கேள்வியும் இல்லை. அவர் வந்து பஸ்ஸின் பக்கத்தில் நிற்கவும், எதிரே தார்ரோடு நடுவில் மெல்லத் தொய்ந்தது. எண்ணெயில் போட்ட அப்பளம் உள்வாங்குவதுபோல் ஒரு தொய்வு. வாழைத்தோட்டப் பக்கம் சரிவிலிருந்து மணலும் தண்ணீருமாக ஊற்றுப் பீச்சியது. பிறகு அறுபதடியும் சத்தமே இல்லாமல் கீழே உட்கார்ந்தது. அதன்மேல் ஓடை புரண்டு போனது.

டிரைவர் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கர்ணனின் வாழை, குலை தள்ளி நின்ற ஆயிரத்துச் சொச்சம் மரம், கால்மணி நேரத்தில் படுத்துவிட்டது. அவர் அதைப் பார்க்கவில்லை. நடுத்தூணையே பார்த்துக்கொண்டிருந்தார். தந்தையின் பெயர் முழுதாக வெளியே வந்தது. பிறகு ஆண்டு வந்தது. கீழத்தெருவில் தண்ணீர் இடுப்பிலிருந்து முழங்காலுக்கு இறங்கியது. ஓர் உயிரும் போகவில்லை. கீழத்தெருக் கிழவி சுருளியம்மாள் மட்டும் தன் சேவல் போய்விட்டது என்று அழுதாள். மறுநாள் அது பள்ளிக்கூட ஓட்டின் மேல் நின்று கூவியது.

மூன்றாம் நாள் பஸ் ஓடியது. ஓடை வடிந்ததும் சின்னக்கருப்பு ஆட்களைத் திரட்டி, தோட்டத்தில் பரவிக் கிடந்த அதே மணலையும் மண்ணையும் வாரி அந்த அறுபதடியை அடைத்துவிட்டார். கீழத்தெருவில் காய்ச்சல் கண்ட ஏழு பேரை அந்த பஸ்ஸில்தான் சின்னமனூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மேலே மலையில் எஸ்டேட் கூலிக்காரர்களின் லயன் வீடுகளில் அடுப்பு எரியாமல் இருந்தவர்களுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் ஏற்றிய லாரி அந்தப் பாலத்தின் வழியாகத்தான் அடிவாரம் போய்ச் சேர்ந்தது. அந்த மழையில் பாலத்தைப் பறிகொடுத்த பக்கத்து ஊர்களில் அடுத்த சித்திரை வரை மூட்டை முடிச்சைத் தலையில் வைத்துத்தான் ஓடை கடந்தார்கள்.

நான்காம் நாள் கர்ணன் தனியாகப் பாலத்தடிக்கு இறங்கினார். எங்கே கல் பெயர்ந்திருக்கிறது என்று பார்க்கத்தான். ஓடைப் படுகையை வெள்ளம் ஓர் ஆள் ஆழத்துக்குக் குடைந்து எடுத்திருந்தது. அப்படிக் குடைந்தால் தூண் நிற்க முடியாது. ஆனால் நின்றது. ஏன் என்று குனிந்து பார்த்தார். மூன்று தூண் அடியையும் சுற்றிக் கல் அடுக்கியிருந்தது. தந்திக்கம்பியை வலைபோல் பின்னி, அதற்குள் ஒன்றோடொன்று கவ்வும்படி கையால் வைத்த கல். அத்தனையும் நீலம் பாய்ந்த கல்.

அந்தப் பாலத்தின் ஒவ்வொரு கல்லையும் அறிந்தவர் அவர். தந்தை வைத்ததில் நீலக்கல் ஒன்றுகூடக் கிடையாது. பதினாறு வண்டி அடிக்கல் எங்கே போனது, சாலை ஏன் சரியாக அந்த இடத்தில் உட்கார்ந்தது, எல்லாம் ஒரே நேரத்தில் அவருக்கு விளங்கின. உத்தரவுப்படி சாலையை உயர்த்திய மேஸ்திரி, உள்ளே கல்லுக்குப் பதில் மணலைப் போட்டுத் தாரால் மூடியிருக்கிறார். கல்லைக் கொண்டுவந்து பாலத்துக்குக் காலணி போட்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து அடுப்படி வாசலில் நின்றார். மனைவி பஞ்சம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன, பேயறைஞ்சாப்புல நிக்கிறீக?"

சொன்னார். அவள் கேட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். "அந்த மனுசன் வீட்டுக்கு ஒரு மூட்டை நெல்லு அனுப்பவா?"

"வேண்டாம். நெல்லு அனுப்பினா அது கூலி."

"அப்ப என்னதான் செய்யப் போறீக?"

அவருக்குத் தெரியவில்லை. அந்த வீட்டிலிருந்து தானம் போயிருக்கிறது, கூலி போயிருக்கிறது, வரிசை போயிருக்கிறது. நன்றி போனதில்லை. அது எந்த வாசல் வழியாகப் போக வேண்டும் என்றே அவருக்குத் தெரியாது. நாளைக்கு, நாளைக்கு என்று பத்து நாள் ஓடிவிட்டது. சாலையில் சின்னக்கருப்பைக் கண்டால் தலையை மட்டும் அசைப்பார். அவரும் அசைப்பார்.

பதினோராம் நாள் ஜீப் வந்தது. ஆதித்தன் என்று ஓர் இளவயது இன்ஜினீயர். போடி கடைவீதியில் வியாபாரம் செய்கிற குடும்பத்துப் பிள்ளை. புதிதாகப் போட்ட சாலை ஒரே ஆண்டில் ஏன் உடைந்தது என்று விசாரிக்க வந்திருந்தார். அன்று பார்த்து அழகுமலையும் கம்பத்திலிருந்து டிராக்டரில் கீழத்தெருவுக்கு அரிசி கொண்டுவந்திருந்தார். ஊரே சாலையில் கூடிவிட்டது.

உடைந்த இடத்தின் ஓரத்தைக் கடப்பாரையால் தோண்டச் சொன்னார் இன்ஜினீயர். தாருக்குக் கீழே மணல். இன்னும் தோண்டினார்கள். இன்னும் மணல்.

"மேஸ்திரி, இங்க அடிக்கல் எங்க?"

"போடலைங்க."

"பதினாறு வண்டி வாங்கியிருக்கு. கையெழுத்து உங்களோடது. கல்லு எங்க போச்சு?"

"இருக்குங்க."

"எங்க இருக்கு?"

சின்னக்கருப்பு தொண்டையைச் செருமினார். அவர் கண் ஒருகணம் கர்ணனிடம் வந்தது. உடனே விலகித் தரைக்குப் போனது.

அந்த ஒரு கணத்தில் கர்ணனுக்கு எல்லாம் புரிந்தது. கல் பாலத்தடியில் இருக்கிறது என்று சொன்னால், ஏன் போட்டாய் என்று கேட்பார்கள். பாலம் தாங்காது என்று தெரிந்ததால் போட்டேன் என்று சொல்ல வேண்டும். பெரியவீட்டுச் சீனிச்சாமி கட்டிய பாலம் தாங்காது என்று, பெரியவீட்டுக்காரரை எதிரே வைத்துக்கொண்டு, அவர் சம்பந்தி காது கேட்க. அதைச் சொல்லாமல் இருக்கத்தான் அந்த மனிதர் திருடன் என்ற பெயரை வாங்கிக்கொள்ள நின்றார்.

"பேசாம நின்னா எப்படி? சின்னமனூர் ஸ்டேஷன்ல எழுதிக் கொடுக்க வேண்டியதுதான். வேலை போறதோட நிக்காது, தெரியும்ல?" என்றார் இன்ஜினீயர். அவரோடு ஜீப்பில் வந்த ஓவர்சியர் காகிதத்தை எடுத்தார்.

அழகுமலை கர்ணனின் தோளருகே வந்தார். "பாத்தீகளா மச்சான். நீங்க போடச் சொன்ன ரோட்டுல ஒரு குத்தமும் இல்ல. இந்தப் பய கல்லை வித்துத் தின்னதுலதான் உடைஞ்சிருக்கு. உங்க பேருக்கு ஒரு பழுதும் வரலை."

உண்மைதான். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். மனு சரி, சாலை சரி, தந்தையின் பாலம் சரி. ஒரு மேஸ்திரி மட்டும் தப்பு. அவர் பெயரில் ஒரு தூசி விழாது. ஓவர்சியர் பேனா மூடியைத் திறக்கிற நேரம் மட்டுமே இருந்தது.

கர்ணன் செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டினார். பொது இடத்தில் அவர் முழங்காலை ஊர் அதுவரை பார்த்ததில்லை. கரைச் சரிவில் இறங்கி, ஓடையில் கலங்கல் தண்ணீருக்குள் நடந்து, நடுத்தூண் அருகே போய் நின்றார்.

"இன்ஜினீயர் சார், கல்லு இங்கன இருக்கு. இறங்கி வந்து பாருங்க."

எல்லோரும் கரைக்கு வந்தார்கள். ஆதித்தன் பேண்டை மடித்துவிட்டு இறங்கினார். கையை விட்டுக் கம்பிவலையைத் தடவிப் பார்த்தார். அடுத்த தூணுக்குப் போனார். அதற்கடுத்ததற்கும் போனார்.

"இதை யார் செய்யச் சொன்னது?"

"யாரும் சொல்லலை. ரோட்டை உசத்துன்னு நான் சொல்லாம இருந்திருக்கணும், அதுவும் நடக்கலை" என்றார் கர்ணன். குரலைத் தாழ்த்தவில்லை. "அந்த இடம் தாழ்ந்துதான் கிடந்துச்சு. தண்ணி போறதுக்குன்னு மேஸ்திரி விட்டு வச்சிருந்தாரு. உசத்தச் சொன்னது நான். உசத்த வேண்டாம்னு என் தோட்டத்துக்கு வந்து சொன்னாரு. எங்கப்பா பாலம் போதும்னு விரட்டுனது நான். போதலை, சார். நாலு கண்ணும் அடைச்சு நின்னதை நான் என் கண்ணால பாத்தேன். இந்தக் கல்லு இங்கன இல்லைன்னா தூணு இல்ல. அந்த மணல் அங்கன இல்லைன்னா கீழத்தெரு இல்ல. நாப்பது பேர் இருந்த பஸ்ஸும் இல்ல. அந்த பஸ்ஸை விடுன்னு சத்தம் போட்டதும் நான்தான்."

அழகுமலைக்குச் சொல்ல ஏதோ வாய்வரை வந்திருக்கும். அவர் அதை விழுங்கிவிட்டு, துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஐயா, நீங்க கொடுத்த மனு ஃபைல்ல இருக்கு. இதையும் எழுதிக் கொடுத்தீங்கன்னா ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரா நிக்கும்" என்றார் ஆதித்தன்.

"நிக்கட்டும். ரெண்டுலயும் என் கையெழுத்துத்தான்."

அங்கேயே, ஜீப்பின் முன்மூடியின் மேல் காகிதத்தை வைத்து எழுதினார். ஈரக்கை பட்டு முதல் வரி கலைந்தது. இன்னொரு காகிதம் வாங்கி முதலிலிருந்து எழுதினார். சாட்சிக்கு ஒருவர் வேண்டும் என்றார் ஓவர்சியர். அழகுமலை வந்து பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். ஒரு கேலியும் சொல்லவில்லை.

"உத்தரவை மீறுனது தப்புதான். மெமோ வரும். ஆனா திருட்டு இல்லை" என்று சின்னக்கருப்பிடம் சொன்னார் ஆதித்தன். பிறகு கர்ணனிடம் திரும்பினார். "அந்த அறுபதடியைத் தாழ்வாவே வைக்க நான் எழுதுறேன். ஆனா ஒண்ணு. தண்ணி ஒவ்வொரு தடவையும் உங்க தோட்டத்துலதான் விழும்."

"விழட்டும். ஓடை வரைக்கும் அது போற பாதையை அளந்து எடுத்துக்கங்க. அங்க இனி வாழை வைக்கலை."

ஜீப் போனது. கூட்டம் கலைந்தது. சின்னக்கருப்பு கடப்பாரையை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். கர்ணன் கரையேறி அவர் அருகே வந்தார். வேட்டி இன்னும் மடித்தபடியே இருந்தது.

"கல்லை அங்க வைக்கிறேன்னு என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா எடுக்கச் சொல்லியிருப்பீக."

கர்ணன் ஓடையைப் பார்த்தார். "ஆமா. சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு, "எங்கப்பா பேர் அந்தத் தண்ணியில பாதி முழுகினதை நான் பாத்தேன், சின்னக்கருப்பு. அதை வெளிய எடுத்துக் குடுத்தது நீ. இன்னைக்கு என் பேரையும் நீ கெடுக்கலை. உனக்கு நான் நன்றி சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னு எனக்குப் பழக்கமில்லை."

சின்னக்கருப்புக்கும் அதை வாங்கிப் பழக்கமில்லை. கடப்பாரையை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றினார். "வருசா வருசம் புரட்டாசியில அந்த மண்ணைக் கொத்தி இளக்கி விடணும்ங்க. வண்டி ஏறி ஏறி இறுகிரும். இறுகிருச்சுன்னா தண்ணிக்கு வழி விடாது."

"வண்டி மாடு அனுப்பறேன். எவ்வளவு மணல் வேணும்னாலும் அடிச்சுக்க."

"மணலுக்கு ஓடையில பஞ்சமில்லைங்க. யூனியன்ல குடுக்கறது ரெண்டு ஆளு. ஆளுதான் பத்தாது."

"அப்ப நான் வாரேன்."

சின்னக்கருப்பு சிரித்துவிட்டார். பெரியவீட்டுக்காரர் மண் கொத்துவதாவது. கர்ணன் சிரிக்கவில்லை.

அடுத்த புரட்டாசியில் ஒருநாள் காலை, சாலையின் குறுக்கே சிவப்புத் துணி கட்டி, சின்னக்கருப்பும் பால்பாண்டியும் மண் கொத்திக்கொண்டிருந்தார்கள். கர்ணன் மண்வெட்டியோடு வந்து, எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று மேஸ்திரியைக் கேட்டார். சின்னக்கருப்பு இடத்தைக் காட்டினார்.